பெரிய, உறுதியான பயணப் பை: கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

வைகைக்கரை

வணக்கம். தம்பிக்குக் கத்தாரில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கிளம்புகிறான். இரண்டு வருஷ ஒப்பந்தம் என்பதால் துணிமணி, ஷூ, செருப்பு, அம்மா இடித்துத் தரும் மசாலாப் பொடி எல்லாமே ஒரே பையில் போக வேண்டும். டிக்கெட்டில் 30 கிலோ என்று போட்டிருக்கிறது.

மதுரை டவுன் ஹால் ரோட்டில் சில கடைகள் ஏறி இறங்கினோம். அப்பா "ஏர்பேக் இருக்கா?" என்று கேட்டார். கடைப் பையனுக்குப் புரியவில்லை. காரில் இருப்பதைத்தான் அவன் ஏர்பேக் என்று கேள்விப்பட்டிருக்கிறான். நான் "டிராவல் பேக்" என்றதும் முதுகில் மாட்டுகிற பையை எடுத்து வைத்தான். அடுத்த கடையில் "பெரிய லக்கேஜ் பேக்" என்று கேட்டால் ட்ராலியைத் தவிர வேறெதையும் காட்டவில்லை.

எங்களுக்கு வேண்டியது நீளவாக்கில், மேலே ஜிப் வைத்து, இரண்டு கைப்பிடியும் ஒரு தோள் நாடாவும் உள்ள பெரிய பை. இதை இப்போது என்ன சொல்லிக் கேட்க வேண்டும்? எந்தத் துணியில் வாங்கினால் தாங்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை

"டஃபிள் பேக்" என்று கேளுங்கள், எடுத்து வைப்பார்கள். ஆன்லைன் கடைகளிலும் அந்தப் பெயரில்தான் கிடைக்கிறது. ஆனால் டஃபிள் என்று மட்டும் சொன்னால் ஜிம்முக்குக் கொண்டுபோகிற சின்னப் பையும் சேர்ந்து வரும். 75 செ.மீ. நீளம், 90 லிட்டர் என்று அளவையும் சொல்லிவிடுங்கள்.

பாரிமுனைக் கவுன்டர்

சென்னையில் பை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். வருகிறவர் சொல்லும் பெயரை வைத்தே அவர் மனதில் என்ன பை இருக்கிறது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஏர்பேக் என்பார்கள். முன்பு விமான கம்பெனிகள் தங்கள் பெயர் அச்சடித்த ஜிப் பைகளைப் பயணிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. அந்தச் சாயலில் ரெக்சினில் தைத்த பைகள் இங்கே எல்லாக் கடைகளிலும் ஏர்பேக் என்றே விற்றன. ரெக்சின் என்பதே ஒரு கம்பெனி வைத்த பெயர்தான். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் தயாரானது. இப்போது செயற்கைத் தோல் எதுவானாலும் நமக்கு ரெக்சின்தான்.

விஐபி என்று கேட்டால் கம்பெனி எதுவானாலும் கெட்டி பிளாஸ்டிக் சூட்கேஸ் வேண்டும் என்று அர்த்தம். காலேஜ் பேக் என்றால் முதுகுப்பை. தெற்கத்தி ஆட்கள் சிலர் பள்ளிக்கூடப் பையைப் பைக்கட்டு என்பார்கள், அதுவும் புரியும். ஷோல்டர் பேக் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு அது ஒற்றைத் தோளில் மாட்டுகிற பெரிய பை, இன்னொருவருக்கு ஆபீஸ் பை. கட்டைப்பை, பிக்‌ஷாப்பர் இரண்டும் பஸ் பயணத்துக்குச் சரி, விமானத்தில் லக்கேஜாகப் போட முடியாது. லக்கேஜ் பேக் என்று கேட்டால் நாங்களே திருப்பிக் கேட்க வேண்டும், "வீல் வெச்சதா, இல்லாததா?" என்று. நீங்கள் போன கடையில் அதைக் கேட்காமலேயே ட்ராலியைக் காட்டிவிட்டார்கள்.

அதனால் பெயரோடு நிற்காமல், "வீல் இல்லாதது, துணி, நீளமானது, மேல் ஜிப், இரண்டரை அடி" என்று சொல்லுங்கள். எந்த ஊர்க் கடையிலும் சரியானதை எடுத்துத் தருவார்கள்.

மலைக்கோட்டை

டஃபிள் என்பது பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் பக்கத்தில் உள்ள ஓர் ஊர். அங்கே நெய்த முரட்டுக் கம்பளித் துணிக்கு ஊரின் பெயரே வந்தது. அந்தத் துணியிலிருந்து பைக்குப் போய்விட்டது. இன்றைக்கு டஃபிள் என்று விற்கும் பையில் கம்பளி ஓர் இழைகூட இல்லை.

பைத்தையல்

கோவையில் பை தைப்பதும் ரிப்பேர் பார்ப்பதும் என் தொழில். தம்பி தூரதேசம் போகிறான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாங்க வருகிறவர்கள் எல்லோரும் வெளித்துணியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். என்னிடம் வருவனவற்றில் துணி கிழிந்த பைகள் குறைவு. காது பிய்ந்து வரும், ஜிப் வாய் பிளந்து வரும், அடி அட்டை நொறுங்கி வரும். இந்த மூன்றையும் கடையிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் காது. கைப்பிடி நாடா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். நல்ல பையில் ஒரு காதின் நாடா கீழே இறங்கி, அடிப்பக்கத்தைச் சுற்றி, மறுபக்கம் ஏறி அடுத்த காதாகிறது. சாமானின் பாரம் அந்த நாடாவின் மேல் உட்கார்ந்துவிடும், துணிக்கும் தையலுக்கும் வேலை குறைவு. மட்டமான பையில் நாடா ஜிப்புக்குக் கீழே நாலு விரல் தள்ளி நின்றுவிடும். முப்பது கிலோவையும் அந்த நாலு விரல் தையலே தூக்கியாக வேண்டும். விமான நிலையத்தில் பையை எடுத்து வீசுகிறவர் இரண்டு காதையும் சேர்த்துப் பிடிப்பார் என்று நம்பக் கூடாது. ஒற்றைக் காதைப் பிடித்துத்தான் இழுப்பார்.

நாடா துணியோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவில் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். அதே இடத்தில் பைக்குள் கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள். பின்னால் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தால் கைக்குத் தட்டுப்படும். ஒன்றும் தட்டுப்படவில்லை, வெறும் துணிதான் என்றால் அந்தப் பையை வைத்துவிடுங்கள்.

அடுத்து பையின் உட்புறத்தை வெளியே திருப்புங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. துணியின் வெட்டு விளிம்பு நூல் நூலாகப் பிரிந்து நிற்கிறதா, அல்லது நாடா வைத்து மூடித் தைத்திருக்கிறதா? பிரிந்து நிற்பது பாரம் ஏற ஏறத் தையலை நோக்கி அவிழ்ந்துகொண்டே போகும். இரண்டு தையல் ஓட்டமாவது இருக்க வேண்டும். நூல் நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்க வேண்டும். பருத்தி நூல் ஈரம் பட்டுப்பட்டு இற்றுவிடும்.

ஜிப்பில் ரன்னரைக் கவிழ்த்துப் பாருங்கள். முதுகில் 5, 8, 10 என்று ஏதாவது எண் இருக்கும். மூடிய பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். பெரிய பைக்கு 8க்குக் குறைய வேண்டாம், 10 கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காலிப் பையில் எந்த ஜிப்பும் வழுக்கிக்கொண்டு ஓடும். கடையில் கிடக்கிற பேப்பரையோ வேறு பைகளையோ உள்ளே திணித்துவிட்டு, மூலை வளைகிற இடத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கே திக்கினால் ஒருநாள் அங்கேதான் பிளக்கும்.

அடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று அமுக்கிப் பாருங்கள். காகித அட்டை என்றால் ஒரு மழையில் ஊறி, அப்புறம் நொறுங்கிவிடும். பிளாஸ்டிக் தகடு நல்லது. பை பிடித்துப்போய் அட்டை மட்டும் மட்டம் என்றால், வாங்கிவிட்டு அட்டையைக் கழற்றி அதே அளவுக்கு பிளாஸ்டிக் தகடு வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். காதும் ஜிப்பும் அப்படி எளிதில் மாற்றக்கூடியவை அல்ல.

தஞ்சை மருமகள்

அண்ணா, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ரொம்ப நன்றி.

ஆனால் ஒரு கேள்வி. இந்தக் காலத்தில் வீல் இல்லாத பை எதற்கு? 30 கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு விமான நிலையம் முழுக்க நடப்பது சின்ன விஷயமா? என் கணவருக்கு முதுகுவலி வந்ததே அந்த மாதிரி ஒரு பயணத்துக்குப் பிறகுதான். நல்ல ட்ராலி வாங்கிக் கொடுங்கள், தம்பிக்கும் சுகம்.

தோகாவாசி

அக்கா, நீங்கள் சொல்வது குடும்பத்தோடு போய்த் தங்குகிறவர்களுக்கு ரொம்பச் சரி. தம்பி போவது கம்பெனி கேம்ப்புக்கு என்று நினைக்கிறேன். அங்கே ஓர் அறையில் பலர், அடுக்குக் கட்டில், ஆளுக்கு ஒரு சின்ன அலமாரி. பெரிய ட்ராலியை வைக்க இடம் கிடையாது. சிலர் கட்டில் தலைமாட்டில் நிறுத்தி வைத்துவிட்டுக் காலை மடக்கிப் படுப்பதைப் பார்த்திருக்கிறேன். துணிப் பை என்றால் காலி செய்து மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

எடையும் ஒரு காரணம். பெரிய ட்ராலி வெறும் பெட்டியே நாலைந்து கிலோ வரும். வீல் இல்லாத டஃபிள் ஒன்றரை கிலோவுக்குள் இருக்கும். 30 கிலோ அனுமதியில் மூன்று கிலோ என்பது அம்மா கொடுக்கிற பொடி முழுவதும். நடப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். விமான நிலையத்தில் தள்ளுவண்டி இருக்கிறது, இறங்கினால் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும்.

சில விஷயங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். உருளை வடிவப் பை வேண்டாம். 2017 மார்ச்சிலிருந்து துபாய் விமான நிலையத்தில் ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத பையை லக்கேஜில் ஏற்றுவதில்லை. உருண்டையான பைகள் கன்வேயரில் உருண்டு மாட்டிக்கொண்டு மொத்த வரிசையையும் நிறுத்திவிடுகின்றன என்பதால் கொண்டுவந்த விதி. தம்பி நேராகத் தோகாவுக்கு வந்தாலும், திரும்பும்போது எந்த வழியாக டிக்கெட் போடுவார்கள் என்று சொல்ல முடியாது. அடி தட்டையாக, பெட்டி மாதிரி உட்காரும் டஃபிளே எங்கும் சிக்கல் இல்லாதது.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்கட்டும். பெரும்பாலான விமான கம்பெனிகள் வைத்திருக்கும் எல்லை அது. 75, 35, 35 என்றால் கூட்டுத்தொகை 145, தாராளமாகப் போகும். எத்தனை கிலோ அனுமதி இருந்தாலும் ஒரே பை 32 கிலோவைத் தாண்டக் கூடாது, அதற்கு மேல் போனால் பிரித்து இரண்டாகக் கட்டச் சொல்வார்கள். தூக்குகிறவர்களின் முதுகைக் காப்பாற்றுவதற்காக வைத்த எல்லை அது.

தோள் நாடாவைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள். தொங்கினால் கன்வேயரில் மாட்டும், பிய்ந்துபோகும். கயிறு போட்டுக் கட்டாதீர்கள். பெயரையும் போன் நம்பரையும் வெளியே ஒரு சீட்டில், பைக்கு உள்ளேயும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். வெளிச்சீட்டு பல முறை கிழிந்து போயிருக்கும்.

வைகைக்கரை

கேம்ப்தான் அண்ணா. கட்டிலுக்கு அடியில் வைப்பது பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. பூட்டு போடலாமா? ஊறுகாய்?

தோகாவாசி

சின்ன நம்பர் பூட்டு போடலாம், ரன்னர் தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்கும், அவ்வளவுதான். நைலான் சுருள் ஜிப்பைப் பேனா முனையால் குத்திப் பிளந்துவிட்டு, ரன்னரை ஒருமுறை ஓட்டினால் திறந்த தடமே தெரியாமல் மூடிவிடலாம். பணம், சான்றிதழ், ஒப்பந்தத் தாள், மருந்து நாலும் கைப்பையில்தான் வர வேண்டும்.

ஊறுகாயை எண்ணெய் வடித்து, வாய் இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, இரண்டு உறை சுற்றி நடுவில், துணிகளுக்கு இடையில் வையுங்கள். பொடியையும் ஊறுகாயையும் ஒரே உறையில் போட வேண்டாம்.

நொய்யல்

துணியைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. திருப்பூர்க்காரன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

பைச் சீட்டில் 600டி, 1000டி, 1680டி என்று போட்டிருப்பார்கள். டி என்றால் டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 600டி என்றால் 9,000 மீட்டர் நூல் 600 கிராம். எண் கூடினால் நூல் தடிமன். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே டெனியரில் நைலான், பாலியெஸ்டரைவிடத் தேய்மானம் தாங்கும். கான்வேயரிலும் சிமென்ட் தரையிலும் இழுபடுகிற பைக்கு முக்கியமே தேய்மானம்தான். வெயிலில் கிடந்து நிறம் வெளுக்காமல் இருப்பதில் பாலியெஸ்டர் மேல்.

பாலிஸ்டிக் நைலான் என்று விலை கூடிய பைகளில் எழுதியிருக்கும். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினர் அணிந்த பாதுகாப்புச் சட்டைக்காக உருவான கெட்டி நெசவு அது. தம்பிக்கு அது அவசியமில்லை. பட்ஜெட்டுக்குள் 600டி பாலியெஸ்டர், உட்பக்கம் பூச்சு போட்டது, பைத்தையல் அண்ணன் சொன்னபடி நாடா அடியைச் சுற்றி வருவது என்றால் போதும். 1680டி துணியில் காது மட்டும் நாலு விரலில் நிற்கிற பையைவிட இதுவே நாள்பட நிற்கும்.

பூச்சைச் சோதிக்க எளிய வழி உண்டு. துணியின் உட்பக்கத்தை நகத்தால் சுரண்டுங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் வேண்டாம்.

பாலாற்றங்கரை

ரெக்சினை ஏன் எல்லோரும் ஒதுக்குகிறீர்கள்? எங்கள் வீட்டில் பழைய ரெக்சின் பை ஒன்று இன்னும் பரணில் நன்றாகத்தான் இருக்கிறது.

நொய்யல்

பழையவற்றில் பருத்தித் துணி மேல் கனமாகப் பிவிசி பூசியிருப்பார்கள், ஐயா. அது காலப்போக்கில் விறைத்து மடிப்பில் வெடிக்கும், ஆனால் உரியாது. இப்போது லெதர் மாதிரி மெத்தென்று விற்கும் பல பைகளில் மேலே மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு. நம் ஊர்க் காற்றின் ஈரமே அதற்கு எதிரி. பயன்படுத்தாமல் பீரோவில் வைத்திருந்தாலும் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரியும். கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம்.

பாலாற்றங்கரை

விளக்கத்துக்கு நன்றி, தம்பி. நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், வேலூர்ப் பக்கம். இங்கே கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு, அத்தனை வீடுகளில் சிப்பாய்கள். லீவுக்கு வருகிறவர்களின் சாமான் எப்போதும் இரண்டு வகை. ஒன்று கறுப்புப் பெயின்ட் அடித்த டிரங்குப் பெட்டி. மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் எண், ரேங்க், பெயர், யூனிட் எழுதியிருக்கும். இன்னொன்று கிட் பேக், பச்சைக் கான்வாஸில் உருளையாகத் தைத்து வாயைக் கயிறு போட்டு இறுக்குவது. நீங்கள் டஃபிள் என்று பேசிக்கொண்டிருப்பதை எங்கள் வீட்டில் இன்றும் கிட் பேக் என்றுதான் சொல்கிறோம்.

கிட் பேக்கில் அடியில் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் முழுவதையும் கொட்ட வேண்டும். அதனால் கடைசியாகத் தேவைப்படுவது அடியில், முதலில் தேவைப்படுவது மேலே என்று அடுக்கும் பழக்கம் கைக்கு வந்துவிடும். உங்கள் தம்பியின் பை மேல் ஜிப் வைத்தது என்றாலும் இப்படி அடுக்குவது நல்லது. விமானம் இறங்கிய இரவே வேண்டியவை என்ன? லுங்கி, துண்டு, பிரஷ், ஒரு மாற்றுடை. அவை ஜிப்பைத் திறந்ததும் கைக்கு வர வேண்டும். கனமானவை, ஷூ, கருவிகள் எல்லாம் அடியில், நடுவாக. ஓரத்தில் கனம் போனால் தூக்கும்போது ஒரு பக்கம் சாயும், ஒரு காது மட்டும் இழுபடும்.

தோல் பையும் எங்கள் பக்கத்துச் சரக்குதான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் பதனிட்ட தோல் உலகம் முழுக்கப் போகிறது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட பழைய வகைத் தோலின் வாசனையே தனி. ஆனால் வேலைக்குப் போகும் பையனுக்குத் தோல் பை வாங்காதீர்கள். கனம் அதிகம், ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், அடிக்கடி எண்ணெய் போட வேண்டும்.

ரயில் ரசிகன்

டிரங்குப் பெட்டி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு காலத்தில் ரயில் பயணம் என்றாலே டிரங்குப் பெட்டியும் ஹோல்டாலும்தான். "பெட்டி படுக்கையோடு கிளம்பிட்டான்" என்று இன்றும் சொல்கிறோமே, அதில் உள்ள படுக்கை ஹோல்டாலில் சுருட்டிய படுக்கைதான். சிலர் பெட்டிங் என்பார்கள். கெட்டிக் கான்வாஸ், இரு முனையிலும் பை மாதிரி மடிப்பு, ஒன்றில் தலையணை, இன்னொன்றில் செருப்போ துணியோ. நடுவில் மெத்தையும் போர்வையும். உருட்டி இரண்டு தோல் வாரைப் பக்கிளில் இறுக்கினால் ஒரே பொதி. பிரித்து விரித்தால் அதுவே படுக்கை.

அது ஏன் மறைந்தது என்பதற்கு ஒரு நேரடிக் காரணம் உண்டு. இரண்டாம் வகுப்புப் பலகை அப்போது வெறும் மரம். மது தண்டவதே 1977இல் ரயில்வே அமைச்சராக வந்த பிறகு அதன் மேல் இரண்டு அங்குல ஃபோம் போட ஏற்பாடு செய்தார். மெத்தையைத் தூக்கிக்கொண்டு போகும் தேவை அங்கேயே பாதி குறைந்தது. ஏசி பெட்டிகளில் போர்வை, தலையணை அவர்களே கொடுக்க ஆரம்பித்ததும் மீதியும் போயிற்று. சாதாரண மக்களின் முதுகைப் பற்றி யோசித்து எடுத்த முடிவு என்பதால் எனக்கு அந்த மனிதர் மேல் தனி மதிப்பு உண்டு.

தம்பி ஊரிலிருந்து விமான நிலையத்துக்கு ரயிலில் போவதாக இருந்தால்: ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ இலவசம். பெட்டியின் அளவு 100 x 60 x 25 செ.மீ. வரை உள்ளே கொண்டுபோகலாம்.

குறிஞ்சிப் பெண்

டிரங்குப் பெட்டி மறையவில்லையே! மகளை விடுதியில் சேர்த்தபோது தகரப் பெட்டிதான் வாங்கிக் கொடுத்தேன். எலி கடிக்காது, அறைத் தோழிகள் உட்காரலாம், கொண்டியில் ஒரு திண்டுக்கல் பூட்டு போட்டால் கவலையில்லை. அந்தப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் ஊராகப் போகிறவர்களுக்குப் பை, ஓரிடத்தில் தங்குகிறவர்களுக்குப் பெட்டி. என் கணக்கு இவ்வளவுதான்.

யாழ்நிலா

எங்கட பக்கம் இதை றங்குப் பெட்டி என்று சொல்லுவம். பழைய வீடுகளில கட்டிலுக்குக் கீழ ஒன்று கட்டாயம் இருக்கும், காணி உறுதிப் பத்திரமும் நகையும் கூறைச் சேலையும் அதுக்குள்ளதான். விமான நிலையத்தில பயணப் பொதி என்று எழுதியிருக்கும், செய்தியிலயும் அப்படித்தான். வீட்டில கதைக்கேக்க பாக் அல்லது சூட்கேஸ். சொப்பிங் பாக் என்றால் கடையில தாற மெல்லிய பிளாஸ்டிக் பை, அதைப் பயணப் பை என்று நினைச்சுப் போடாதேங்கோ.

பெரிய உறுதியான பை என்று கேட்டால் எனக்கு முதல் நினைவு வாறது உரப்பை. 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க வெளிக்கிட்டு நடந்தபோது, கன பேரின்ட வீடு முழுவதும் சைக்கிள் கரியரில கட்டின உரப்பைக்குள்ளதான் இருந்தது. நல்ல பையைத் தேடி எடுக்க ஆருக்கும் நேரம் இருக்கேல்லை. அம்மா இப்பவும் நல்ல உரப்பை கண்டால் கழுவிக் காயவைச்சு மடிச்சு வைப்பா.

வைகைக்கரை

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தேக்காவாசி

உரப்பைக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று சிங்கப்பூரில் உண்டு. சிவப்பு, நீலம், வெள்ளைக் கட்டம் போட்ட பெரிய சதுரப் பை. அதே நெய்த பிளாஸ்டிக், மேலே ஒரு மெல்லிய ஜிப். லிட்டில் இந்தியாவில் ஊருக்குக் கிளம்புகிற தொழிலாளர்கள் கையில் பார்க்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தப் பையின் பெயரே "கானாக்காரன் போக வேண்டும்" என்பதுதான். 1983இல் நைஜீரியா லட்சக்கணக்கான கானா நாட்டவரை வெளியேற்றியபோது, கிடைத்த இந்தப் பையில் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

மலிவு, எடை இல்லை, நிறையக் கொள்ளும். ஆனால் காது துணியோடு தைத்தது மட்டும்தான், நாடா அடிவரை போகாது. விமானத்தில் போட வேண்டாம். திரும்பி வரும்போது கூடுதல் சாமானுக்கு என்று மடித்து வைத்துக்கொள்ளலாம்.

தஞ்சை மருமகள்

கேம்ப் விஷயம் கேட்டபிறகு தம்பிக்கு டஃபிளே சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயதானவர்கள், தனியாகப் பயணம் போகும் பெண்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர்கள் இவர்களுக்கு வீல் பெரிய விடுதலை. பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் வீல் வைத்த சூட்கேஸுக்குக் காப்புரிமை வாங்கியதே 1972இல்தான். நிமிர்த்தி இழுக்கிற இன்றைய வடிவத்தை ராபர்ட் பிளாத் என்ற விமானி 1987இல் கொண்டுவந்தார். அதுவரை எத்தனை பேர் மூட்டை முடிச்சோடு கைவலிக்கத் தூக்கியிருப்பார்கள்!

வீல் வைத்த டஃபிளும் இருக்கிறதே, அது எப்படி?

பைத்தையல்

நல்ல கேள்வி, அம்மா. வீல் டஃபிள் என்றால் மூன்று கிலோ பக்கம் வரும், ஆனால் மடிக்க முடியாது, அடியில் கெட்டிச் சட்டம் இருக்கும். ரயில், பஸ் மாறி மாறிப் போகிறவர்களுக்கு ஏற்றது. இரண்டு வீல் உள்ளதை எடுங்கள். பாதி உடம்புக்குள் பதிந்திருக்கும், அடி படாது. நாலு வீல் எல்லாப் பக்கமும் திரும்புவது வழுவழுத் தரையில் சுகம்தான், ஆனால் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் தூக்கிப் போடும்போது முதலில் அதுதான் உடையும். நம் ஊர் நடைபாதையில் ஓடவும் ஓடாது.

பாரிமுனைக் கவுன்டர்

ஆமாம், வீல் உடைந்து திரும்பி வருவதில் நாலு வீல்தான் அதிகம்.

குறிஞ்சிப் பெண்

பைத்தையல் அண்ணா, எங்கள் வீட்டில் ஒரு ட்ராலி அதிகம் உபயோகிக்காமலே பரணில் இருந்தது. இறக்கிப் பார்த்தால் வீலின் மேல் உறை கறுப்புத் துணுக்காக உதிர்கிறது. பெட்டி புதுசு மாதிரி இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. வீல் மட்டும் மாற்ற முடியுமா?

பைத்தையல்

தாராளமாக. நொய்யல் தம்பி சொன்ன அதே காற்று ஈரம்தான் சில வீல்களின் உறையையும் கெடுக்கிறது. ஓடாமல் கிடந்தாலும் உதிரும்.

வீலின் நடுவில் ஒரு இரும்பு அச்சு இருக்கும். திருகு இருந்தால் கழற்றலாம். பெரும்பாலும் இருபுறமும் அடித்து மடக்கிய ரிவிட்தான் இருக்கும். ஹேக்சா பிளேடை வீலுக்கும் கூட்டுக்கும் நடுவே விட்டு அந்த அச்சை அறுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கூட்டில் பிளேடு படாமல் பொறுமையாக அறுக்க வேண்டும், அது போனால் வேலை பெரிதாகிவிடும். வெளியே வந்த வீலின் விட்டம், அகலம், அச்சுத் துளையின் அளவு மூன்றையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். உறை உதிர்ந்திருப்பதால் விட்டத்தை உதிராத பக்கத்தில் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டின் உள்ளளவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் அச்சு போல்ட்டோடு சேர்த்தே ஜோடியாகக் கிடைக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் பெட்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

வீட்டில் செய்யத் தயக்கமாக இருந்தால் பை ரிப்பேர் கடையில் கொடுங்கள். கொடுக்கும்போது கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்துவிட்டு, அப்புறம் கூலி பேசுங்கள்.